நாற்பத்திரண்டு கொடிகள்

எந்த நாடு எந்த நாட்டோடு கொஞ்சிக் குலாவுகிறது, எது எதோடு முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறது என்று தெரிந்துகொள்ளப் பத்திரிகை படித்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. டயர் கடைக்கு மேலே, மரப்படி ஏறினால் வருகிற கொடியக்காவின் பட்டறைக்குப் போனால் போதும். ஒரு நாட்டு அதிபர் வரப்போகிறார் என்று அரசாங்கம் அறிவிப்பதற்கு மூன்று வாரம் முன்பே, அந்த நாட்டுக் கொடி அறுநூறு வேண்டும் என்று அக்காவிடம் ஆள் வந்துவிடும். யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே. அறுநூறையும் வெட்டி வைத்த பிறகு, "கொஞ்சம் நிறுத்தி வைங்க" என்று போன் வந்தால் எங்கேயோ புகைகிறது என்று அர்த்தம். "ஒரு நாடு ரெண்டா உடஞ்சா நமக்கு வேலையும் ரெண்டாகும்" என்று அக்கா சிரிப்பாள். சிரித்த கையோடு, "சிரிக்கிற விஷயமா இது" என்று தன்னையே அதட்டிக்கொள்வாள்.

அக்காவுக்கு வயது ஐம்பத்தைந்து. ஆள் குள்ளம். ஐந்து மீட்டர் நீளமுள்ள வெட்டு மேஜைக்குப் பின்னால் நின்றால் தலையும் தோளும்தான் தெரியும். கொடிக்கு வருவதற்கு முன்னால் லாரிக்குத் தார்ப்பாய் தைக்கிற தொழிற்சாலையில் ஒன்பது வருஷம் வேலை பார்த்தாள். காற்று முதலில் கை வைக்கிற இடம் மூலை என்று அங்கேதான் கற்றுக்கொண்டாள். தார்ப்பாயின் மூலையில் முக்கோணமாக ஒரு துண்டு வைத்து மூன்று வரிசை அடிப்பார்கள். கொடிக்கு வந்த பிறகும் அக்கா அந்தப் பழக்கத்தை விடவில்லை. கம்பத்தோரம் மேலே ஒரு முக்கோணம், கீழே ஒரு முக்கோணம். வேறு எந்தக் கடைக்காரரும் இந்த வம்புக்குப் போவதில்லை. "கிழிஞ்சு தொங்குற கொடியப் பார்த்தா அந்த நாட்டுக்காரன் மனசு என்ன பாடுபடும்?" என்பாள் அக்கா. அந்த நாட்டுக்காரனை அவள் ஜென்மத்தில் பார்த்திருக்க மாட்டாள்.

அரசாங்கத்தின் விருந்தினர் வரவேற்பு அலுவலகத்திலிருந்து ஒரு குமாஸ்தா மாதம் இரண்டு தடவை வருவார். கையில் அளவுநாடா இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. பேச்சுவார்த்தை மேஜையில் வைக்கிற சின்னக் கொடிகளில் ஒரு தடவை ஒன்று மற்றதைவிட அரை விரல் உயரமாகப் போய்விட்டதாம். குள்ளக் கொடிக்குச் சொந்தக்காரரான மந்திரி, ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பா என்று கோபித்துக்கொண்டு காபியைக்கூடத் தொடவில்லையாம். அந்த ஜோடி வேறு கடையில் தைத்தது. அதற்குப் பிறகுதான் குமாஸ்தா இந்த மரப்படியைக் கண்டுபிடித்தார்.

கொடி வாங்க வருகிறவர்களில் இரண்டு ரகம் உண்டு. பறக்கவிட வாங்குகிறவர்கள் ஒரு ரகம், எரிக்க வாங்குகிறவர்கள் இன்னொரு ரகம். ஊர்வலங்கள் கிளம்புகிற காலத்தில் இரண்டாவது ரகத்துக்குப் பஞ்சமே இருக்காது. அக்கா எரிக்கிறதற்குத் தைப்பதில்லை. அவர்களைக் கண்டுபிடிக்கிற வித்தை அவளுக்குத் தெரியும். பறக்கவிடுகிறவன், "வெயில்ல சாயம் போகுமா?" என்று கேட்பான். எரிக்கிறவனுக்குச் சாயத்தைப் பற்றி என்ன கவலை? காட்டன் துணியா என்றுதான் கேட்பான். பாலியெஸ்டர் ஒழுங்காக எரியாது, உருகும். சொட்டுச் சொட்டாகக் கையில் விழுந்து தோலை உரித்துவிடும். எவனாவது காட்டன் காட்டன் என்று அழுத்தினால் அக்கா மெஷினை நிறுத்திவிட்டு, "வேற கடை பாருங்க தம்பி" என்பாள். இருபத்தாறு வருஷத்தில் ஒருத்தனும் அவள் கண்ணில் மண்ணைத் தூவினதில்லை. ஊரில் எல்லாருக்கும் இது தெரியும். சில பேர் கேலி செய்தார்கள், நிறையப் பேர் மனசுக்குள் மெச்சிக்கொண்டார்கள்.

இனி கால்பந்துக்கு வருவோம். ஊர்க் கிளப்பின் மைதானத்தில் நாலு மூலையிலும் நடுகிற கார்னர் கொடிகள் அக்கா தைத்தவை. மேட்ச் நாள் காலையில் தானே கொண்டுபோய்க் கம்பத்தில் மாட்டிவிட்டு வருவாள். மாட்டினதற்குக் கூலியாகக் கிழக்கு ஸ்டாண்டில் ஒரு இடம். ஆரம்பத்தில் பந்து எந்தப் பக்கம் போனால் கைதட்ட வேண்டும் என்றுகூட அவளுக்குத் தெரியாது. கொடி ஒழுங்காக நிற்கிறதா என்று பார்க்கத்தான் போனாள். பிறகு பதிமூன்று வருஷத்துக்கு முன்னால் வெளிநாட்டிலிருந்து ஒரு ஒல்லிப் பையன் வந்தான். முதல் மேட்ச்சில் கார்னர் அடிக்கப் போனவன், காற்றில் சாய்ந்திருந்த கம்பத்தைப் பார்த்தான். பந்தைக் கீழே வைத்துவிட்டுக் கம்பத்தை நிமிர்த்தினான். துணியை ஒரு தடவை உதறி நேராக்கினான். அதற்கப்புறம்தான் அடித்தான்.

ஸ்டாண்டே சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. தான் செய்த வேலையை ஒரு மனிதன் மதித்துத் தொட்டதை அவள் வாழ்க்கையில் முதல் தடவையாகப் பார்த்தாள். அன்றைக்கு விழுந்தவள்தான், எழுந்திருக்கவே இல்லை.

அந்த ஒல்லிப் பையன்தான் பிறகு கேப்டன். கிளப் படுதோல்வி அடைந்து இரண்டாம் பிரிவுக்கு இறங்கிய வருஷம், கப்பல் முழுகுகிறதென்று தெரிந்து ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். கேப்டன் போகவில்லை. பெரிய பெரிய கிளப்புகள் கூப்பிட்டும் போகவில்லை. "நான் இறக்கினேன், நான்தான் ஏத்தணும்" என்று அரைகுறை மொழியில் சொல்லிவிட்டு, சொன்ன மாதிரியே இரண்டு வருஷத்தில் ஏற்றினார். அந்த வருஷம் அக்கா தொண்டை கட்டி ஒன்பது நாள் சைகையில் பேசினாள். பஸ் பணிமனையில் பிரேக் மெக்கானிக்கான அவள் வீட்டுக்காரர், வீடு இவ்வளவு அமைதியாக இருந்து பார்த்ததே இல்லை என்றார். அவருக்குக் கால்பந்து ஆகாது. "ஆளுக்கொரு பந்து வாங்கிக் குடுத்துட்டா சண்டை எதுக்கு?" என்பார். பழைய ஜோக்தான், ஆனாலும் ஒவ்வொரு தடவையும் இப்போதுதான் தோன்றியது மாதிரி சொல்வார்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. இந்த நாட்டுக்கும் கேப்டனின் நாட்டுக்கும் நடுவே கடலில் ஒரு பாறை இருக்கிறது. கடற்பறவைகள் எச்சம் போடுவதைத் தவிர அதில் வேறு எந்தக் காரியமும் நடந்ததில்லை. அடியில் எரிவாயு இருப்பதாக யாரோ கண்டுபிடித்தார்கள். உடனே இரண்டு அரசாங்கத்துக்கும் அந்தப் பாறை பாட்டன் சொத்தாகிவிட்டது. கப்பல்கள் முறைத்துக்கொண்டன. ஒரு நாள் ஒன்றை ஒன்று இடித்து இந்தப் பக்கத்து ரோந்துப் படகு முழுகியது. ஏழு மாலுமிகள் வீட்டுக்குத் திரும்பவில்லை. தூதர்கள் மூட்டை கட்ட ஆரம்பித்தார்கள். அந்த நாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருக்கிறவர்கள் எல்லாரும் மாதக் கடைசிக்குள் வெளியேற வேண்டும் என்று உத்தரவு வந்தது. பதிமூன்று வருஷம் இங்கே உழைத்த கேப்டனும் அதில் அடக்கம். டி.வி.க்காரர்கள் அவர் வாய்க்கு நேரே மைக்கை நீட்டி, உங்கள் நாடு செய்ததைக் கண்டிக்கிறீர்களா என்றார்கள். "என் அம்மா அங்க இருக்காங்க. நான் இங்க இருக்கேன். பந்தப் பத்திக் கேளுங்க" என்றார் கேப்டன்.

அந்த ஒரு பதிலில் ஊர் இரண்டாகப் பிரிந்தது. பாவம், அவர் வேறென்ன சொல்வார் என்றார்கள் பாதிப் பேர். ஏழு பேர் செத்ததற்கு ஒரு வார்த்தை சொல்ல நாக்கு வரவில்லையா என்றார்கள் மீதிப் பேர். கடைசி மேட்ச் மாதக் கடைசிக்கு மூன்று நாள் முன்னால் இருந்தது. அதுதான் அவரை வழியனுப்புகிற நாள்.

அப்படிப்பட்ட நேரத்தில்தான் அந்த மூக்குக்கண்ணாடிக்காரன் படியேறி வந்தான். முப்பது வயசைத் தாண்டினவன், தோளில் கிளப்பின் துண்டு, மரியாதையான பேச்சு.

"அக்கா, நம்ம கேப்டன் நாட்டுக் கொடி ஒரு நாற்பது வேணும்."

"கடைசி மேட்ச்சுக்கா தம்பி?"

அவன் ஒரு கணம் மேஜையைப் பார்த்தான். "ஆமாக்கா."

"எவ்வளவு பெரிசு?"

"ரெண்டு பேர் விரிச்சுப் பிடிச்சா நல்லாத் தெரியணும். காட்டன்ல இருந்தா நல்லது."

காட்டன் என்ற வார்த்தை அக்காவின் காதில் விழத்தான் செய்தது. ஆனால் பாசம் வந்து காதை அடைத்துக்கொண்டது. இந்த நாட்டில் கேப்டனுக்காக அவருடைய கொடியை உயர்த்திப் பிடிக்க நாற்பது பேருக்குத் தைரியம் இருக்கிறதே என்று அவளுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. மற்ற வேலைகளை ஒதுக்கி வைத்துவிட்டு நாலே நாளில் தைத்தாள். மூலை முக்கோணத்துக்கு மூன்று வரிசைக்குப் பதில் நாலு வரிசை அடித்தாள். "என் சார்பா இதையும் வச்சுக்கோங்க" என்று மேலே இரண்டு கொடி சேர்த்துக் கட்டிக் கொடுத்தாள். நாற்பத்திரண்டு. கண்ணாடிக்காரன் வாங்கிக்கொண்டு படியிறங்கும்போது திரும்பிப் பார்க்கவில்லை.

இரண்டு நாள் கழித்துச் சாயங்காலம், வீட்டுக்காரர் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். கேப்டன் நாட்டுத் தூதரகத்தின் வாசலில் கூட்டம். கிளப் துண்டு போட்டவர்களும் நடுநடுவே தெரிந்தார்கள். ஒருவன் விரிக்கிறான், ஒருவன் பற்றவைக்கிறான். கேமரா நெருங்கியபோது எரிகிற துணியின் கம்பத்தோரம் தெரிந்தது. மூலையில் முக்கோணம். நாலு வரிசை.

அக்கா கையிலிருந்த பாத்திரத்தோடு டி.வி. முன்னால் வந்தாள். அதே நேரம் தூதரகத்தின் கதவு திறந்து, பயணக் காகிதங்களை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஒருவர் வெளியே வந்தார். புகைக்குள் நின்று ஒரு கணம் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு நடந்தார். கேப்டன்தான்.

"ஏங்க, அது நான் தச்சது" என்றாள் அக்கா.

வீட்டுக்காரர் டி.வி.யை அணைத்தார். அவர் ஜோக் எதுவும் சொல்லவில்லை.

மறுநாள் பட்டறைக்கு டமாரம் வந்தான். கிழக்கு ஸ்டாண்டில் மேளம் அடித்துக் கோஷத்தைத் தொடங்கிவைப்பவன். ஒரு ரகசியமும் அவன் வயிற்றில் தங்காது என்பதாலும் அந்தப் பெயர். "அக்கா, விஷயம் தெரியுமா? கேப்டன் கடைசி மேட்ச் ஆட மாட்டாராம். வழியனுப்புற விழாவும் வேணாம்னு கிளப்புக்கு எழுதிக் குடுத்துட்டாராம். தூதரகத்து வாசல்ல பார்த்தாருல்ல, மனசு விட்டுப்போச்சு" என்றான்.

அக்கா உட்கார்ந்தாள். நடந்ததை மறைக்காமல் சொன்னாள். டமாரத்துக்கு வாழ்க்கையில் முதல் தடவையாகக் குரல் இறங்கியது. "வெளிய மூச்சு விடாத அக்கா. தெரிஞ்சா ஸ்டாண்டுல உன்ன உண்டு இல்லன்னு ஆக்கிருவாங்க. நானும் சொல்ல மாட்டேன்."

"எனக்கு ஸ்டாண்டு பெரிசில்லடா. பதிமூணு வருஷம் இங்க இருந்தவர், இந்த ஊரே தன் கொடிய எரிச்சுச்சுன்னு நெனச்சுக்கிட்டுப் போகக் கூடாது. அவர்ட்ட நான் சொல்லணும்."

"சொன்னா?"

"என்னைத் திட்டட்டும். திட்டிட்டு வந்து ஆடட்டும்."

அந்த வாரம் பூராவும் அக்கா தைத்தது எதுவும் உருப்படவில்லை. பிரிப்பதும் தைப்பதுமாக இருந்தாள். கிளப்புக்குப் போன் செய்தால் கேப்டனுடன் பேச முடியாது என்றார்கள். அவர் வீட்டு வாசலில் போலீஸ். கடைசியில் மிஞ்சியது மேட்ச் நாள் காலைதான். கொடி மாட்டப் போகிறவளை யாரும் தடுக்க முடியாது. அவர் வருவாரா என்பதுதான் கேள்வி. "நானும் வரேன்" என்றார் வீட்டுக்காரர். இருபது வருஷத்தில் அவர் மைதானத்துக்குள் கால் வைத்ததில்லை. எதுக்கு என்று அக்கா கேட்டாள். "கம்பத்தத் தூக்க ஆள் வேணாமா?" என்றார். கம்பம் ஒரு கிலோகூட வராது.

மூன்று மூலை முடிந்து நாலாவது மூலையில் அக்கா மண்டியிட்டுக் கம்பத்தை இறுக்கிக்கொண்டிருந்தாள். காலி ஸ்டாண்டு. தண்ணீர் பாய்ச்சின புல். ஆட்டக்காரர்கள் வருகிற சுரங்க வழியிலிருந்து ஒருவர் பையோடு வெளியே வந்தார். அலமாரியிலிருந்த தன் பூட்ஸை எடுத்துப் போக வந்தவர், கடைசியாக ஒரு தடவை புல்லை மிதித்துப் பார்க்கலாம் என்று இறங்கியிருக்கிறார். வீட்டுக்காரர் அக்காவின் தோளைத் தட்டிவிட்டு நாலடி தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

அக்கா எழுந்தாள். வாரம் முழுக்கத் தயாரித்து வைத்திருந்த பேச்சு ஒரு வார்த்தைகூட ஞாபகம் வரவில்லை.

"கேப்டன், அங்க எரிச்சாங்களே, அந்தக் கொடியெல்லாம் நான் தச்சது. உங்கள வழியனுப்பன்னு சொல்லி வாங்கிட்டுப் போனான். நான் துருவிக் கேட்டிருக்கணும், கேக்கல. தப்பு என்னுது. ஊர் மேல கோவிச்சுக்காதீங்க. என்னை என்ன வேணா சொல்லுங்க. சொல்லிட்டு வந்து ஆடுங்க."

கேப்டன் பையைக் கீழே வைத்தார். "தெரியும் அக்கா" என்றார்.

"என்ன தெரியும்?"

"மூலை பார்த்தேன். பதிமூணு வருஷம் இந்தக் கொடிய நான் தொடுறேன். உங்க கை எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுமா என் மேல கோவம் வரல?"

"நீங்க எரிக்கத் தைக்க மாட்டீங்க. யாரோ ஏமாத்திட்டாங்கன்னு அப்பவே நெனச்சேன். நான் ஆட மாட்டேன்னு சொன்னது அதுக்கு இல்ல." அவர் ஈரப் புல்லில் உட்கார்ந்தார். பாக்கெட்டிலிருந்து போனை எடுத்துத் தேடி, அக்காவிடம் நீட்டினார். "இதுக்கு."

கேப்டனின் ஊரில் ஒரு சதுக்கம், கூட்டம், கூச்சல். அங்கேயும் ஒரு கொடி எரிந்துகொண்டிருந்தது. தீக்குச்சியைக் கிழித்தவன் கல்லூரி வயசுப் பையன். அவன் போட்டிருந்தது நம் கிளப்பின் சட்டை. முதுகில் கேப்டனின் எண்.

"என் அக்கா மகன். சட்ட நான் அனுப்பினது. உங்க நாட்டுக் கொடிய எரிக்கிறான், உங்க கிளப் சட்டையப் போட்டுட்டு எரிக்கிறான். இந்த ஜனங்க முன்னாடி நான் எந்த மூஞ்சிய வச்சுட்டு நிக்கிறது?"

அக்கா போனைக் கண்ணுக்கருகே கொண்டுபோனாள், தள்ளிப் பிடித்தாள், மறுபடி கிட்டே கொண்டுவந்தாள். விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். சங்கடமான நேரம்தான். ஆனால் இருபத்தாறு வருஷத் தொழில் சும்மா இருக்குமா?

"தம்பி, இது நம்ம கொடியே இல்லயே!"

"என்ன?"

"நல்லாப் பாருங்க. மேல வர வேண்டிய நிறம் கீழ கிடக்கு. நட்சத்திரத்துக்கு ஒன்பது முனை. அதத் தைக்கிறதுக்குள்ள என் கழுத்து ஒடிஞ்சிரும். இதுல அஞ்சுதான் இருக்கு, எண்ணிப் பாருங்க. எவனோ சோம்பேறி தச்சிருக்கான். இப்படி ஒரு கொடி உலகத்துல எந்த நாட்டுக்கும் கிடையாது. இல்லாத நாட்ட எரிச்சிருக்கான் உங்க பையன்!"

கேப்டன் போனை வாங்கி எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று. ஐந்தில் நின்றது. தோள் குலுங்க ஆரம்பித்தது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், பிறகு பொத்தாமல் சிரித்தார். நாலடி தள்ளி நின்ற வீட்டுக்காரருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அவரும் சும்மா சிரித்து வைத்தார்.

"அப்ப நீங்க தச்சது எப்படி, அக்கா?" என்றார் கேப்டன், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அக்காவின் முகம் வாடியது. "என்னுது சரியான கொடி. அளவு, நிறம், நட்சத்திரம், ஒண்ணும் பிசகல. அதான் எனக்குத் தாங்கல."

அதைக் கேட்டு மறுபடி சிரிக்கப் போனவரால் முடியவில்லை. முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டார். அக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள். "உங்க பையன் செஞ்சது உங்க தப்பு இல்ல. என்கிட்ட ஏமாத்தி வாங்கினவன் செஞ்சது என் தப்பு இல்லன்னு நீங்கதானே இப்ப சொன்னீங்க? எனக்கு ஒரு நியாயம், உங்களுக்கு ஒரு நியாயமா?" என்றாள். "வந்து நில்லுங்க. எவன் என்ன சொல்றான்னு நான் பார்த்துக்கறேன்." பந்து எடுத்துப் போடுகிற பையன்களைவிடக் குள்ளமான மனுஷி சொன்னாள் இதை. கேப்டன் அவளை நம்பின மாதிரிதான் தெரிந்தது. பையை எடுத்துக்கொண்டு வந்த வழியே உள்ளே போனார்.

மத்தியானம் ஒலிபெருக்கியில் கேப்டன் ஆடுகிறார் என்று சொன்னபோது கைதட்டலும் வந்தது, ஏச்சும் வந்தது. எந்த நாட்டுக் கொடியும் உள்ளே வரக் கூடாது என்று வாசலில் போலீஸ் துணியை எல்லாம் உதறிப் பார்த்துத்தான் விட்டது. வீட்டுக்காரரை டீ வாங்க அனுப்பிவிட்டு அக்கா தன் இடத்துக்குப் போனால், இரண்டு வரிசை முன்னால் மூக்குக்கண்ணாடிக்காரன். அவளைப் பார்த்ததும் எழுந்து வந்தான்.

"அக்கா, என்கூடப் படிச்சவன் அந்தப் படகுல இருந்தான்."

அக்கா அவன் முகத்தைப் பார்த்தாள். திட்டுவதற்கு வைத்திருந்த வார்த்தைகள் பாதி கழன்றுகொண்டன. "அதுக்கு என்கிட்ட பொய் சொல்லணுமா?"

"உண்மையச் சொல்லியிருந்தா தச்சிருப்பீங்களா?"

"மாட்டேன்."

"அதான்க்கா."

"சரி, இன்னிக்கு எதுக்கு வந்த? கத்தவா, ஏசவா?"

"தெரியலக்கா. வராம இருக்க முடியல." அவன் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டான்.

ஜெயித்தார்கள் என்று சொன்னால் கதைக்கு அழகாக இருக்கும். ஜெயிக்கவில்லை. இரண்டு கோல் வாங்கித் தோற்றார்கள். கேப்டனுக்கு முப்பத்தைந்து வயசு, அன்றைக்கு அது தெரிந்தது. ஆனாலும் தொண்ணூறு நிமிஷமும் ஓடினார். முடிந்த பிறகு ஒருத்தரும் வாசலைப் பார்க்கவில்லை. போகிற ஆட்டக்காரர் நடு மைதானத்தில் நின்று மைக்கில் இரண்டு வார்த்தை சொல்லுவது கிளப்பின் வழக்கம். கேப்டன் மைக்கை வாங்கினார்.

"எனக்கு உங்க மொழி நல்லா வராது. பதிமூணு வருஷம் பொறுத்துக்கிட்டீங்க. நன்றி. இன்னொண்ணு சொல்லணும். சொல்லாமப் போக முடியல. உங்க ஏழு பேர் வீட்டுக்குத் திரும்பல. அத நான் முன்னாடியே சொல்லியிருக்கணும். பயந்துட்டேன். எங்க ஊர்ல, நம்ம கிளப் சட்டையப் போட்டுட்டு ஒரு பையன் உங்க கொடிய எரிச்சான். அவன் என் அக்கா மகன். எங்க வீட்டுப் பையன். மன்னிச்சிடுங்க."

கொடி ஐந்து முனைக் கொடி, அது கொடியே இல்லை என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தப்பித்திருக்கலாம். அதை அவர் சொல்லாமல் விட்டது அக்காவுக்கு மட்டும்தான் தெரியும். இதற்காகத்தான் இந்த மனுஷனுக்குப் பின்னால் பதிமூன்று வருஷம் தொண்டை கிழியக் கத்தினேன் என்று அவளுக்குத் தோன்றியது.

முப்பதாயிரம் பேர் இருந்த மைதானத்தில் டமாரத்தின் கைகூட மேளத்தின் மேல் அப்படியே இருந்தது. அந்த அமைதியில், இரண்டு வரிசை முன்னால், மூக்குக்கண்ணாடிக்காரன் நாற்காலி மேல் ஏறி நின்றான்.

"நாங்களும்தான் கேப்டன்!" என்றான். மறுபடியும் கத்தினான். "நாங்களும் எரிச்சோம்! நான் எரிச்சேன்!"

நடு மைதானத்தில் கேப்டன் கிழக்குப் பக்கம் திரும்பினார். கண்ணுக்குமேல் கையை வைத்து யார் என்று தேடினார். பிறகு மைக்கைக் கீழே வைத்துவிட்டு, குரல் வந்த திசையைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார். ஸ்டாண்டில் ஒவ்வொருவராக எழுந்தார்கள். முதலில் எழுந்த சத்தம் கைதட்டலா, அழுகையா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

பக்கத்து வரிசைக்காரர்கள் நாற்காலி மேல் நின்றவனை முறைத்தார்கள். வீட்டுக்காரர் அக்காவின் காதருகே குனிந்து, "யாரு அந்த ஆளு?" என்று கேட்டார்.

"நம்ம ஆளுதான்" என்றாள் அக்கா.